முதுகு மழுக்கிய கத்தி

ஆனி 20, வெள்ளிக்கிழமை

வாங்க, நல்லா இருக்கீங்களா? சாப்பாடு ஆச்சா? வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உங்கள் பக்கம் மழை இறங்கியதா? இதைப் பிரித்துப் படிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சாவகாசமாக உட்காருங்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறவன் இல்லை.

என் பெயர் சடையன். பெரியகுளத்துக்கு மேற்கே, மலைக்குப் போகிற ரோட்டில், சவரியப்பன் என்பவருடைய நாற்றுப் பண்ணையில் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எனக்கு எழுத்து வந்ததெல்லாம் கன்றில் தொங்கவிடுகிற பெயர் அட்டையைப் பார்த்துத்தான். முதலில் கல்லாமை வந்தது. அப்புறம் பங்கனப்பள்ளி. இமாம் பசந்து எழுத ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இன்றைக்கும் எனக்கு ஔ வராது, ஏனென்றால் ஔவில் மாம்பழம் கிடையாது. உரக்கடையில் இந்த டைரியைச் சும்மா கொடுத்தார்கள். வெள்ளைத்தாளை வீணாக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

எங்கள் வேலை இதுதான். கொட்டையில் முளைத்த நாட்டுக்கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளக்க வேண்டும். நல்ல சாதி மரத்துக் குச்சியின் அடியை ஆப்பு மாதிரிச் சீவி அந்தப் பிளவில் செருக வேண்டும். பிறகு நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். சீவுகிறது ஆண், கட்டுகிறது பெண். சீவிய கை எடுக்கும் முன்னே கட்டுகிற கை வந்துவிட வேண்டும். சீவிய இடத்தில் கசிகிற பால் காய்ந்தால் ஒட்டாது. அதனால் எங்கள் பண்ணையில் புருசன் பெண்டாட்டியாகத்தான் உட்காருவார்கள். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவி மாயக்காதான் கட்டுகிறாள். என் கத்தி எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு முன்னே அவள் கைக்குத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உத்தமபாளையத்திலிருந்து லோகிதாசன் என்று ஒரு வெட்டுக்காரன் புதிதாக வந்திருக்கிறான். பெண்டாட்டி இல்லாதவன். அவனுக்குக் கட்ட ஆள் இல்லை. மாயக்காவின் கை வேகத்தைப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரர் அவளை இரண்டு பேருக்கும் கட்டச் சொல்லிவிட்டார். இப்போது நடுவில் அவள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆனி 22, ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கு விடுமுறை. கோழிக்கூட்டுக்குக் கதவு கட்டினேன். கயிற்றை அறுக்க என் கத்தியைத் தேடினேன், கிடைக்கவில்லை. மாயக்காவின் கத்தி நாடாக் கூடையில் கிடந்தது. அதை எடுத்தேன்.

ஒட்டுக்கட்டுகிறவர்களிடம் இருப்பது சின்ன மடக்குக் கத்தி. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டோம். கத்தி ஒரு கைக்குத்தான் பழகும் என்பார்கள். பெண்டாட்டி கத்தி என்பதால் எடுத்தேன். நாடாவின் நுனியை அறுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

சீவும்போது ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் அழுத்தித்தான் சீவ வேண்டும். கடையில் வாங்கும் கத்திக்கு முதுகின் இரண்டு ஓரமும் தகரம் மாதிரிக் கூர்மையாக இருக்கும். நாள் முழுக்க அழுத்தினால் விரலில் முதலில் கொப்புளம் வரும், பிறகு காய்த்துப் போகும். என் விரலில் புளியங்கொட்டை பதித்தது போல ஒரு காய்ப்பு இருக்கிறது. வெட்டுக்காரன் என்பதற்கு அதுதான் பட்டயம். கல்யாண வீட்டில் கும்பிடும்போதுகூட அந்த விரலைக் கொஞ்சம் தூக்கித்தான் கும்பிடுவேன்.

மாயக்காவின் கத்தியில் விரலை வைத்தேன். முதுகில் ஓரமே இல்லை. நத்தை ஓட்டின் உள்பக்கம் போல வழுவழுவென்று போனது. யாரோ மழுக்கியிருக்கிறார்கள். அதிலும் ஒரு விசயம். முதுகு முழுவதையும் மழுக்கவில்லை. விரல் அழுந்துகிற இடத்தை மட்டும் உருட்டிவிட்டு, நுனிப்பக்கம் ஓரத்தைக் கூர்மையாகவே விட்டிருக்கிறார்கள். அந்த ஓரத்தால்தான் சீவிய இடத்தில் மிஞ்சி வழிகிற பாலை வழித்தெடுப்போம். இது வேலை தெரிந்தவன் செய்த வேலை.

நாடா அறுக்கிற கத்திக்கு முதுகு மழுக்கிக் கொடுக்க யாருக்கு அப்படி ஒரு அக்கறை?

ஆனி 23, திங்கட்கிழமை

லோகிதாசன் கத்தியை எட்டிப் பார்த்தேன். அதே உருட்டல். நுனியில் அதே கூர் ஓரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவன் நான் இல்லை.

ஆனி 25, புதன்கிழமை

எங்கள் ஊரில் முன்பு ஒச்சப்பன் என்று ஒருவர் இருந்தார். அவர் மனைவி ஒரு கிளி வளர்த்தாள். கிளி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடும். ஒச்சப்பனுக்குப் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, ஏ என்றுதான் கூப்பிடுவார். அவள் கிளி கூப்பிட்டால் ஓடுவாள், இவர் கூப்பிட்டால் மெதுவாக வருவாள். ஒருநாள் கூண்டைத் திறந்துவிட்டார். கிளி பறந்து போய் எதிர்த்த வீட்டு முருங்கையில் உட்கார்ந்துகொண்டு, தெருவே கேட்க அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஊரே சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன். பைத்தியக்காரர், ஒரு பறவையிடம் போய்ப் பொறாமைப்பட்டார். அவர் நினைவு இன்றைக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை.

சோறு போடும்போது மாயக்காவிடம் பேச்சோடு பேச்சாக, கத்தி நன்றாக வழுவழுப்பாக இருக்கிறதே என்றேன்.

"கைய உறுத்துச்சு" என்றாள்.

நாடா அறுக்கிறதில் என்ன உறுத்தல் என்று கேட்டேன். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

ரசத்தில் உப்பு தூக்கல்.

ஆனி 27, வெள்ளிக்கிழமை

அவன் அவளை அக்கா என்கிறான். அக்கா, இந்தக் குச்சியைப் பாருங்க. அக்கா, துளிர்க்கிற கண் உப்பியிருக்கா. அவன் எதைக் கேட்டாலும் அவள் திரும்பிப் பதில் சொல்கிறாள். நான் சீவி நீட்டிய கன்றை இரண்டு தடவை அவள் பார்க்கவில்லை. பால் காய்ந்துவிட்டது, எறிந்துவிட்டேன். கன்று போனால் போகிறது. அவர்கள் சிரித்தார்களே, எதற்குச் சிரித்தார்கள் என்றுதான் யோசனை.

கேட்டேன். அல்போன்சா அட்டையை அவன் தலைகீழாகக் கட்டிவிட்டானாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் தலைகீழாகவே கட்டியதில்லை.

ஆனி 29, ஞாயிற்றுக்கிழமை

பண்ணைக்காரர் எங்களை வரச்சொன்னார். வெளியூர்த் தோட்டத்துக்கு நிறையக் கன்று கேட்டிருக்கிறார்கள், இன்னொரு வெட்டுக்கை வேண்டும், தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் என்றார். நான் தேவதானப்பட்டியில் இருக்கும் என் பங்காளியைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நாஞ் சீவுறேன்" என்றாள் மாயக்கா.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். நான் லோகிதாசனைப் பார்த்தேன். லோகிதாசன் தரையைப் பார்த்தான், ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

எங்கள் பண்ணையில் இதுவரை ஒரு பெண்ணும் சீவியதில்லை. பண்ணைக்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு, ஒரு பாத்திக் கன்று உனக்கு, அதில் பாதிக்கு மேல் துளிர்த்தால் நீ வெட்டுக்கை, இல்லாவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்றார். அவர் வீட்டம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் ஆடி பிறக்கும் முன்னே கை வைக்கச் சொன்னார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று புதன்கிழமை குறித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்தி முதுகை மழுக்கியது நாடா அறுக்க இல்லை. அவளுக்குச் சீவக் கற்றுக்கொடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாமல், எனக்குப் பக்கத்திலேயே.

நான் சந்தோசப்பட்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

ஆனி 31, செவ்வாய்க்கிழமை

நாளைக்கு அவள் சீவப் போகிறாள். அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தபோது, அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். முதுகை அரைகுறையாகத்தானே மழுக்கியிருக்கிறது, முழுதாக மழுக்கிக் கொடுப்போம் என்று. புருசன் செய்ய வேண்டிய வேலையை வேறு ஒருவன் செய்து அதில் அவள் சீவினால் நன்றாகவா இருக்கும்?

பட்டறைக்காரன் நல்லவன். அவன் மகளுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், போடியில் ஏலக்காய் வியாபாரமாம். மிசினில் கத்தியை வைத்தான். நெருப்புப் பொறி மத்தாப்பு போலப் பறந்தது. அலகு மயில் கழுத்து மாதிரி நீலமாக மாறியது.

"சூடு ஏறுதுண்ணே, தண்ணில நனைச்சு நனைச்சுப் புடிக்கவா?"

வேண்டாம், அவசரம் என்றேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஆடு கத்தியது போல இருந்தது, தழையோடு அவள் வந்திருப்பாளோ என்று.

நுனி ஓரமும் போய்விட்டது. முழுவதும் ஒரே சீராக வழுவழுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூடையில் பழையபடி வைத்துவிட்டேன். நீலம் ஏறிய அலகில் கூர் நிற்காது என்று பழைய வெட்டுக்காரர்கள் சொல்வார்கள். எல்லாக் கத்திக்கும் அப்படி என்று சொல்ல முடியாது.

ஆனி 32, புதன்கிழமை

தூறல். ஒட்டுக்கு நல்ல நாள்.

மாயக்கா சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். முதல் குச்சியை நன்றாகச் சீவினாள். ஒன்று சொல்ல வேண்டும், நிஜத்தைச் சொல்ல வேண்டும், அந்த ஆப்பு ஆட்டின் நாக்கு மாதிரி அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அதன் பிறகு கத்தி மழுங்க ஆரம்பித்தது. கல்லில் தீட்டுவாள், இரண்டு குச்சி சீவுவாள், மறுபடி தீட்டுவாள். பாலை வழிக்க முதுகைத் திருப்பினாள், வழிக்க ஓரம் இல்லை, பால் பூசிக்கொண்டது. முந்தானையால் துடைத்தாள்.

அப்போது அவள் கத்தியை நிறுத்தி, முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி கல்லை எடுத்தாள்.

அவளுக்குக் கட்ட ஆள் இல்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. அவளே சீவி, அவளே நாடாவை எடுப்பதற்குள் பால் காய்ந்தது. ஒரு தடவை கையில் கன்றை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் சீவிக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளை நாடா கட்டி எங்கள் பண்ணையில் யாரும் பார்த்ததில்லை. நான் சீவியவற்றுக்கும் கட்ட ஆள் இல்லைதான், ஆனாலும் சீவிக்கொண்டே இருந்தேன். காய்ந்தவை என் காலடியில் குவிந்தன.

லோகிதாசன் தன் கத்தியை மடக்கினான். அவள் பக்கத்தில் போய்க் குந்தி, நாடாவை எடுத்து, கட்ட ஆரம்பித்தான். தத்துப்பித்து என்று கட்டினான். சாயங்காலம் வரைக்கும் கட்டினான்.

ஆடி 3, சனிக்கிழமை

மாயக்கா பேசவில்லை. சோறு வைக்கிறாள். குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஓடு ஒழுகிய இடத்தில் பாலித்தீன் போட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டாள், அதற்கும் பேசவில்லை.

ஆடி 5, திங்கட்கிழமை

இன்றைக்குக் கேட்டே விட்டேன். தண்ணீர்த் தொட்டியில் லோகிதாசன் கை கழுவிக்கொண்டிருந்தான். என் பெண்டாட்டி கத்தியை நீ ஏன் தொட்டாய், அவளுக்குச் சீவக் கற்றுக்கொடுக்க உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டேன், டேய் என்று ஒரு தடவைதான் சொன்னேன்.

அவன் கையை உதறிவிட்டு என்னையே பார்த்தான்.

"அண்ணே, நா யாரு கத்தியவும் தொடல. எனக்கு மழுக்கவே தெரியாது. வந்த அன்னிக்கு எம் வெரலு கிழிஞ்சு ரத்தமா கெடந்துச்சு. அக்காதான் பாத்துட்டு, குடுரா இங்கிட்டுன்னு வாங்கி, துவைக்கிற கல்லுல ஈர மணலப் போட்டுத் தேச்சுக் குடுத்துச்சு. ஆப்பு எம்புட்டு நீளம் சீவணும்னுகூட அக்காட்டதான் கேட்டுக்கிறேன். இம்புட்டு நாளா நீங்க சீவுறதப் பாத்தே அது படிச்சுச்சாம்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்படியானால் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவள். அவன் கத்தியை மழுக்கியதும் அவள். இது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் பாசி பிடித்திருக்கிறது, நாளைக்குச் சுண்ணாம்பு போடச் சொல்ல வேண்டும்.

ஆடி 6, செவ்வாய்க்கிழமை

காலையில் அவள் துவைக்கப் போனபோது கூடப் போனேன். கல்லில் போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கல்தானா என்றேன். ம் என்றாள். நேற்று வந்தவன் கத்தியை மழுக்கத் தெரிகிறது, என் கத்தியை ஏன் மழுக்கவில்லை என்றேன்.

போர்வையைக் கல்லின் மேல் அப்படியே விட்டுவிட்டாள்.

"கல்யாணமான புதுசுலயே கேட்டேன். வெட்டுக்காரன் கத்தியில பொம்பள கை படக்கூடாதுன்னீக. அதுக்கப்புறம் அந்தக் காய்ப்பத் தடவித் தடவி ஊருக்கெல்லாம் காட்டுனீக. நா மழுக்கிக் குடுத்தா அதுல காட்ட என்ன இருக்கும் உங்களுக்கு?"

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவு இல்லை. சொல்லியிருந்தாலும் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்.

"எங் கத்திய எதுக்குப் பட்டறைக்குக் கொண்டு போனீக?"

உதவியாக இருக்கட்டும் என்றுதான் என்றேன். அவள் போர்வையைப் பிழிந்தாள். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும் என்று நீட்டவில்லை. தனியாகவே பிழிந்தாள்.

ஆடி 12, திங்கட்கிழமை

ஒரு குச்சியும் இன்னும் கண் திறக்கவில்லை. தினமும் அவள் பாத்தியை நான்தான் போய்ப் பார்க்கிறேன். அவள் போகிறதில்லை.

ஆடி 18, ஞாயிற்றுக்கிழமை

ஆடிப்பெருக்கு. வராகநதியில் தண்ணீர் வருகிறது. எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கட்டிக்கொண்டு எல்லாரும் போனோம். பண்ணைக்காரர் வீட்டாரும் வந்தார்கள், வேதக்காரர் என்றாலும் சித்திரான்னத்துக்கு வராமல் இருப்பார்களா? வருகிற வழியில் பண்ணைக்குள் நுழைந்து பாத்தியைப் பார்த்தார்கள்.

மாயக்காவின் பாத்தியில் இங்கே ஒன்று அங்கே ஒன்று செப்புத் தளிர் விட்டிருந்தது. மற்ற குச்சிகள் கருத்துவிட்டன. லோகிதாசன் அதற்கு முன்னே சீவி, அவள் கட்டிய பாத்தி பச்சைப் பசேல் என்று இருந்தது. அந்த வாரத்து என் பாத்தியைப் பற்றி இப்போது பேச்சு இல்லை.

பண்ணைக்காரர் குனிந்து ஒரு கருத்த குச்சியைக் கிள்ளிப் பார்த்தார். சரி மாயக்கா, நாடாவே கட்டு, உன்னை மாதிரிக் கட்ட ஆள் இல்லை என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கத்தி சரியில்லை என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அலகு வெந்து நீலம் ஏறிய கத்தி, அதில் யார் சீவினாலும் கூர் நிற்காது என்றேன். யார் வேக வைத்தது என்று பண்ணைக்காரர் கேட்டார். பட்டறைக்காரன் என்றேன். யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்று கேட்டார்.

ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"நாந்தான்."

லோகிதாசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பண்ணைக்காரர் ஒரு வெட்டுக்காரனுக்கு இது தெரியாதா என்றார். தெரியும் என்று சொன்னேனா, சும்மா நின்றேனா, இப்போது சரியாக நினைவில்லை.

மாயக்கா அப்போதுதான் பேசினாள். பண்ணைக்காரரிடம் பேசினாள், கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு பாத்தி குடுங்கய்யா. இந்த வாட்டி இவுக கத்தியில சீவுறேன்."

என் கத்தி இடுப்பு மடியில் இருந்தது. அத்தனை பேர் பார்க்க, அவள் கை நீண்டபடியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, அவள் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

ஆடி 20, செவ்வாய்க்கிழமை

மடி வெறுமையாக இருக்கிறது. நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகத் தெரிகிறது. அவள் கல்லில் தேய்க்கிற சத்தம் இங்கே கேட்கிறது. போய்ப் பார்க்கவில்லை.

ஆடி 21, புதன்கிழமை

பண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிழல்வலைக்குக் கீழே, தண்ணீர் தெளித்த தரை. என்னிடம் கத்தி இல்லாததால் இன்றைக்கு எனக்கு வேலை இல்லை. சும்மா வந்திருக்கிறேன்.

காலையில் அவள் சாமி கும்பிடும்போது கத்தி மணையில் இருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். என் கத்தி என்று சொன்னால் நம்பமாட்டேன். காய்ப்பு போய் உட்கார அங்கே ஓரமே இல்லை. இத்தனை காலம் நான் எதை அழுத்திக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. நுனியில் பால் வழிக்கிற ஓரத்தை விட்டிருக்கிறாள், ஒரு நெல் நீளம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

இப்போது அவள் சீவுகிறாள். என் கத்தி என் கையில் ஒருநாளும் இப்படிப் போனதில்லை. குச்சியில் வைத்தால் வைத்த இடத்திலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, சத்தமே இல்லை. வெட்கம் கெட்ட கத்தி. ஒருவர் கையில்தான் பழகும் என்றார்களே, பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ஒச்சப்பனாவது கிளியிடம் பொறாமைப்பட்டார். அது உயிருள்ள சென்மம்.

அந்தப் பக்கம் லோகிதாசன் சீவிக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கட்டுவதற்குப் பண்ணைக்காரர் யாரோ ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார். மாயக்காவுக்கு இன்றைக்கும் ஆள் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை என்று நினைக்கிறேன். நாடாக் கட்டு அவளுக்கு இடதுபக்கம் கிடக்கிறது, நான் எப்போதும் உட்காருகிற பக்கம். முதல் கன்றைப் பிளந்துவிட்டாள். குச்சியைச் செருகுகிறாள். கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க. பால் காயுது."

இதோ கூப்பிடுகிறாள். உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது கொஞ்சம் பெரிய கதை, ஆனால் அந்த லோகிதாசன் இப்போதே கத்தியை மடக்கப் பார்க்கிறான், அவன் எழுந்து நாடாவை எடுப்பதற்குள் நான்